அப்பாவின் நான்கு விரல்

தேஜான், தென் கொரியா,
மார்ச் முதல் வாரம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மாடி வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதும், பெரியவன் பிளஸ் டூ பரீட்சை எழுதுவதும் படித்துச் சந்தோஷம். அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஊர் முழுக்க சைக்கிளில் சுற்றிய மனுஷர், ராத்திரி கால் குடைச்சலில் தூங்காமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் மனசு கேட்கவில்லை. "நீ இருக்கிற ஊரில் ஏதோ இடம் பார்த்து அழுத்துவார்களாமே, எனக்கு வருமா?" என்று கேட்டிருந்தாய். வரும். எனக்கே வந்ததே.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு ஹல்மோனியும் ஹராபோஜியும் இருக்கிறார்கள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பாட்டி, தாத்தா என்றுதான் அர்த்தம். இருவருக்கும் எண்பது நெருங்குகிறது. சனிக்கிழமை தோறும் மகள் வருவாள். பேக்கரி வேலை முடிந்து மாவு வாசனையோடு வருபவள், கையைக் கழுவிவிட்டு நேரே அப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவாள். இங்கே தரைக்கு அடியில் சூடு ஓடும், அதனால் குளிர்காலத்திலும் தரைதான் சுகம். இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அப்பாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைப்பாள். அப்புறம் அவர் கையையே எடுத்து, முட்டிச் சில்லுக்குக் கீழே அவருடைய நான்கு விரல்களையும் சேர்த்துப் படுக்க வைப்பாள். சுண்டுவிரல் முடிகிற இடத்தில், முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் தள்ளி, தன் கட்டைவிரலை ஊன்றுவாள்.

இதை முதல்தடவை பார்த்தபோது, எதற்கு அவர் கை, உன் விரலாலேயே அளக்கலாமே என்று கேட்டேன். "உடம்பு அவருடையது, அளவும் அவருடையதுதான்" என்றாள். ஒவ்வொருவர் உடம்புக்கும் அவரவர் விரல்தான் அளவுகோல். அந்த இடத்துக்கு ஜொக்சம்னி என்று பெயர். கால் அசதி, வயிற்று மந்தம் இரண்டுக்கும் இங்கே முதலில் தேடுவது இதைத்தான். இப்படி விரலால் அழுத்துவதை ஜியாப் என்கிறார்கள்.

ஹராபோஜியின் அலமாரியில் தோங்உய் போகாம் என்ற பழைய கொரிய வைத்திய நூல் இருக்கிறது, இன்றைய கொரிய மொழியில் போட்ட பதிப்பு. 1596-ல் அரசர் சொன்னதன் பேரில் ஹொ ஜுன் என்ற அரண்மனை வைத்தியர் தொடங்கிய வேலை. மறுவருடமே மறுபடி போர் வந்து கூட இருந்தவர்கள் சிதறிவிட்டார்கள். அவர் விடவில்லை. நாடு கடத்தப்பட்டிருந்த காலத்திலும் எழுதி 1610-ல் முடித்தார், 1613-ல் அச்சானது. மொத்தம் 25 தொகுதிகள். மூலிகைகளுக்குச் சீனப் பெயரோடு ஊர் ஜனங்கள் சொல்லும் பெயரையும் சேர்த்து எழுதினாராம், அதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. கையைத் தேய்த்துச் சூடாக்கி உடம்பை நீவிக்கொள்ளும் முறைகளும் அதில் உண்டு. உங்கள் தெருவில் சுஜோக் என்று போர்டு பார்த்ததாக எழுதியிருந்தாய். அதுவும் கொரியச் சரக்குதான், சு என்றால் கை, ஜோக் என்றால் கால். ஆனால் அது 1980-களில் பார்க் ஜே ஊ என்பவர் உருவாக்கிய தனி வழி. நான் சொல்வது பழைய வழி.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

போன வருஷம் லீவுக்கு ஊருக்கு வந்தபோது, கற்றதையெல்லாம் அம்மாவிடம் காட்டிவிட வேண்டும் என்று ஒரே ஆர்வம். ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அம்மாவைப் பாயில் உட்காரவைத்து, கால், கை, தோள் என்று அழுத்தினேன். "வலிக்குதாம்மா?" என்றதற்கு "இல்லட்டி, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அழுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊன்றினேன். காலையில் புடவையைத் தூக்கிச் சொருகும்போது பார்க்கிறேன், கெண்டைக்கால் பக்கம் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போய் இரண்டு இடம். ரத்தம் உறையாமலிருக்க அம்மா மாத்திரை சாப்பிடுவது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. அன்று முழுக்க அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்னால்.

திரும்பி வந்து கீழ்வீட்டு மகளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அம்மா ஷிவொன்ஹாதா என்று சொன்னார்களா?"

குளிர்ச்சியாக இருக்கிறது என்று பொருள் சொல்லலாம். கொதிக்கிற சூப்பைக் குடித்துவிட்டும் சொல்வார்கள், முதுகை நீவிவிட்டாலும் சொல்வார்கள். வலியும் சுகமும் சேர்ந்து உள்ளே ஏதோ இளகிக் கொடுக்கிற அந்த நிமிஷத்துக்கு அந்த ஒரு சொல். ஹராபோஜி கண்ணை மூடிக்கொண்டு "ஷிவொன்ஹாதா" என்றால் அழுத்தம் சரி. "ஆய்யா" என்றால் மகள் உடனே விரலைத் தளர்த்திவிடுவாள். நம் அம்மாக்கள் இரண்டும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை ஆசையாகச் செய்கிறது, இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் வாயை நம்பாதே, முகத்தைப் பார். புருவம் சுருங்குகிறதா, மூச்சைப் பிடிக்கிறாரா, கால் விரல் மடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே அழுத்து. எனக்கு இது புரிய ஒரு காயம் தேவைப்பட்டது. உனக்கு வேண்டாம்.

இப்போது உன் அப்பாவுக்கு. ஜொக்சம்னியில் கட்டைவிரலை வைத்து, அவர் மூச்சை விடும்போது மெல்ல அழுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணி விடு. ஒரு காலுக்கு ஐந்தாறு தடவை போதும். படுக்கப்போகுமுன் உள்ளங்கால். விரல்களை மடக்கச் சொன்னால் பாதத்தின் முன்பக்கம் ஒரு குழி விழும், அதுதான் யொங்சொன். ஊற்றெடுக்கும் தண்ணீர் என்று அர்த்தமாம், எவ்வளவு அழகான பெயர் பார். அங்கே சும்மா தேய்த்து விட்டாலே போதும். ஆனால் அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நீ அழுத்துவது அவருக்கே தெரியாது. எனவே முதலில் விளக்கு வெளிச்சத்தில் விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பார். புண், வெடிப்பு, கொப்புளம் எது இருந்தாலும் அழுத்துவதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டு. அந்தப் பார்வை ஒன்றே வாரா வாரம் நடந்தால் பெரிய காரியம். குடைச்சலே சர்க்கரையால் வருகிறதா என்றும் கேட்டுவிடு.

உன் அம்மாவுக்கு முப்பது வருஷம் வகுப்பில் நின்ற கால். நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் விரல் வைக்காதே. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் தொடவே கூடாது, உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம், நேரே ஆஸ்பத்திரி. சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது என்கிறாரே, அதற்கு இங்கே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையைப் பிடித்து அமுக்குவார்கள், ஹப்கொக் என்று பெயர். சின்ன வயதில் நமக்குத் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவார்களே, அந்த நினைப்பு வந்தது எனக்கு. (ஹப்கொக்கைக் கர்ப்பிணிகளுக்கு அழுத்தக் கூடாது என்பார்கள், உன் நாத்தனார் வந்தால் ஞாபகம் வைத்துக்கொள்.) குமட்டலுக்கு மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநார்களுக்கு நடுவே அழுத்து. இதற்கு மட்டும் ஆய்வுகளின் ஆதாரம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது, மற்ற இடங்களுக்கு அந்த அளவு கிடையாது. மாத்திரை எதையும் நிறுத்திவிடாதே. நெஞ்சு அடைப்பு, கை மரத்துப்போவது என்றால் இடம் தேடிக்கொண்டிருக்காதே, வண்டி பிடி.

ஒன்று சொல்ல மறந்தேன். இங்கே குழந்தைக்கு வயிறு வலித்தால் அம்மா வட்டமாகத் தடவிவிட்டு, அம்மா கை மருந்துக் கை என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். யாக்சொன் என்பார்கள் அந்தக் கையை. போன மாதம் ஹல்மோனிக்கு வயிறு சரியில்லாமல் படுத்திருந்தபோது நான் கஞ்சி கொண்டுபோனேன். மகள் அம்மாவின் வயிற்றில் வட்டமாகத் தடவிக்கொண்டு அதையே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அம்மா என்ற இடத்தில் மகள் என்று மாற்றி. ஹல்மோனி கண்ணைத் திறக்காமல் சிரித்தார். நான் கிண்ணத்தை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் அப்பா காலைத் தொட விடுவாரா என்பதுதான் எனக்குச் சந்தேகம். "பொம்பளப் பிள்ள காலைப் பிடிக்கிறதா" என்று இழுத்துக்கொள்வார். முதல் நாள் கையில் ஆரம்பி. பேச்சுக் கொடுத்துக்கொண்டே உள்ளங்கையை அமுக்கிவிடு, பழைய சைக்கிள் கதையைக் கேள். மூன்றாம் நாள் அவரே காலை நீட்டுவார். அப்போது சரியான இடத்தில் விரல் பட்டதும் வாயிலிருந்து ஏதாவது ஒரு சொல் வரும். அது என்ன சொல் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி