ஐன்ஸ்டைன் எந்த ஆய்வுகூடத்தில் குண்டு செய்தார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறன்று தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில், "1905இல் ஐன்ஸ்டைன் தமது ஆய்வுகூடத்தில் புகழ்பெற்ற சமன்பாட்டைக் கண்டுபிடித்து அதன்மூலம் அணுகுண்டை உருவாக்கினார்" என்று ஒரு வாக்கியம் வெளியாகியிருந்தது. அந்தச் சமன்பாடு E = mc²: திணிவை ஒளிவேகத்தின் (c) வர்க்கத்தால் பெருக்கினால் சத்தி. முப்பத்தொரு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற முறையில், ஒரே வாக்கியத்துக்குள் இத்தனை பிழைகளை அடக்கிய கட்டுரையாளரின் சிக்கனத்தை முதலில் பாராட்டிவிடுகிறேன்.

அவ்வாண்டில் அவர் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில், காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் தரத் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தார் என்பது தாங்கள் அறியாததல்ல. பேர்ணில் எங்கள் சனத்துக்குக் குறைவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கு என் தங்கையின் மகனிடம் போயிருந்தபோது, 1903 முதல் 1905 வரை ஐன்ஸ்டைன் வாடகைக்குக் குடியிருந்த கிராம்காஸ வீதி 49ஆம் இலக்க வீட்டுக்கு அவன் என்னைக் கூட்டிச் சென்றான். வெள்ளவத்தையில் என் தொடர்மாடி வீடே அதைவிட விசாலம் என்பேன். குண்டு செய்ய அங்கே இடமில்லை என்பதை நேரில் கண்டவன் நான்.

1905 செப்டெம்பர் இறுதியில் ஜேர்மன் ஆய்விதழொன்றுக்குக் கிடைத்த அவருடைய கட்டுரை மூன்று பக்கங்களே கொண்டது. அதன் தலைப்பே, ஒரு பொருளின் சடத்துவம் (தன் இயக்கம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) அதன் சத்தியில் தங்கியுள்ளதா என்ற கேள்விதான். இன்று சட்டைகளில் அச்சாகும் வடிவில் அந்தச் சமன்பாடு அதில் இல்லை. ஒரு பொருள் 'எல்' அளவு சத்தியைக் கதிர்வீச்சாக வெளிவிட்டால், 'எல்' என்பதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் அளவு அதன் திணிவு குறையும் என்றுதான் எழுதியிருந்தார். ரேடிய உப்புகளைக் கொண்டு இதைச் சோதிக்கலாம் என்றும் தயக்கத்தோடு சேர்த்திருந்தார். அதற்கு முன்னரே 1900இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாங்காரே ஒளிக்கதிருக்குத் திணிவு இருப்பதுபோல் கணக்கிட்டிருந்தார்; 1904-05இல் ஒஸ்திரியப் பௌதிகவியலாளர் ஹாசனோர்ல் வெற்றுக் குழியொன்றில் அடைபட்ட கதிர்வீச்சை ஆராய்ந்து, மூன்றில் நான்கு என்ற காரணி மிகையாக ஒட்டிக்கொண்ட விடையில் போய் நின்றார். திணிவுக்கும் சத்திக்கும் உள்ள இத்தொடர்பு எல்லாப் பொருளுக்கும் பொதுவானதென்று காட்டியதே ஐன்ஸ்டைனின் பெருமை. அந்தப் பெருமை போதாதென்றா குண்டையும் அவர் தலையில் கட்டுகிறீர்கள்?

யுரேனிய அணுக்கரு பிளவுறுவதை ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் 1938 டிசெம்பரில்தான் கண்டார்கள். அவ்வாண்டு நத்தார்க் காலத்தில் சுவீடனின் பனிவெளியில் மரக்குற்றியொன்றில் அமர்ந்து, தாள் துண்டுகளில் கணக்குப் போட்ட பௌதிகவியலாளர்கள் லீஸ மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் பிரிஷும், அப்பிளவில் குறைந்துபோன திணிவு ஏறத்தாழ ஒரு புரோத்தனில் ஐந்திலொன்று என்பதை இச்சமன்பாட்டில் இட்டு வெளிவரும் சத்தியை மதித்தார்கள். கணக்குப் பார்க்கத்தான் சமன்பாடு உதவியது. குண்டுக்கு வழிவிட்டது, பிளவுறும் அணுக்கரு வெளிவிடும் நியூத்திரன்கள் அடுத்தடுத்த கருக்களைப் பிளக்கும் நியூத்திரன் தொடர்த்தாக்கம். அத்தகைய குண்டு சாத்தியமென்று எச்சரித்து 1939இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்கு அனுப்பிய கடிதத்தில் ஐன்ஸ்டைன் கையெழுத்திட்டார்; ஆனால் குண்டை உருவாக்கிய திட்டத்தில் அவர் பணியாற்றவில்லை. 1946இல் டைம் சஞ்சிகை தன் அட்டையில் அவருக்குப் பின்னால் குண்டுப் புகையையும் அதில் சமன்பாட்டையும் வரைந்தது. எண்பது ஆண்டுகளாக எல்லோரும் அந்தப் படத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

இது முதற் தடவையானால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். "நோபல் பரிசு பெற்ற ஐன்ஸ்டைன் கொழும்பில் இறங்கினார்" என்று முன்பொருமுறை எழுதினீர்கள். அவர் இங்கே இறங்கியது 1922 ஒக்டோபர் 28இல்; பரிசு அறிவிக்கப்பட்டது நவம்பரில், அதுவும் ஒளிமின் விளைவுக்கு (ஒளி பட்டு உலோகத்திலிருந்து இலத்திரன்கள் வெளியேறுவதற்கு) அவர் தந்த விளக்கத்துக்காக, இச்சமன்பாட்டுக்கு அல்ல. அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை, "கட்டுரை அருமை" என்ற ஒற்றை வரியாகச் சுருக்கி என் பெயரில் வெளியிட்டீர்கள். அருமை என்று நான் எழுதியது ஐன்ஸ்டைனின் கட்டுரையை.

இன்னொன்று. ஒளிவேகக் குறியீட்டின் தோளில் ஏறி நிற்கவேண்டிய சிறிய இரண்டைத் தங்கள் பக்க வடிவமைப்பாளர் எப்போதும் கீழே இறக்கிவிடுகிறார். அப்போது வர்க்கம் போய் இரட்டிப்பு ஆகிவிடுகிறது. ஒரு கிலோகிராமுக்கு ஒன்பதின் பின் 16 பூச்சியங்கள் வரவேண்டிய யூல் கணக்கு, ஆறின் பின் 8 பூச்சியங்களாகச் சுருங்குகிறது. சரியாகக் கணித்தால் ஒரே கிராமில் இரண்டரைக் கோடி அலகு மின்சாரம் இருக்கிறது. மின்பட்டியல் கட்டும் எவருக்கும் இந்த வித்தியாசம் புரியும்.

என் பேத்தி அந்தக் கட்டுரையை வெட்டி விஞ்ஞானக் கொப்பியில் ஒட்டிவிட்டாள். பிழையென்று சொன்னேன். "அம்மப்பா, பேப்பரில போட்டிருக்கே" என்றாள். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

ஆகவே, அடுத்த ஞாயிறு எந்தப் பக்கத்தின் எந்த மூலையிலாவது இரண்டு வரித் திருத்தம் இடுமாறும், அந்த இரண்டை மேலே ஏற்றிவைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெட்டி ஒட்டக்கூடிய அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.