வள்ளிக்கு: பாய்லர் தண்ணீர் எங்கே போகிறது?

சிவமயம்

காரைக்குடி
மார்கழி

அன்புள்ள வள்ளிக்கு,

அப்பச்சி எழுதுவது. ஆத்தாவும் ஆயாவும் சுகம். பிள்ளையார் நோன்பு நெருங்குகிறது, ஆத்தா இழை மாவுக்கு அரிசி ஊறப்போட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய படத்தில் பாய்லரின் பிரஷர் முள் அரை பாருக்குக் (பார் என்பது அழுத்த அளவு) கீழே நிற்கிறது. வாராவாரம் பில்லிங் லூப்பை, அதாவது குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் இணைப்பைத் திறந்து 1.2 பாருக்கு ஏற்றிவிடுவதாகவும் அதன்பிறகு வீடு சூடாகிவிடுவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிரிட்டனில் உன் வீட்டு ஹீட்டிங், பாய்லர் சூடாக்கிய தண்ணீர் அறைகளில் உள்ள ரேடியேட்டர்கள் வழியாகப் போய்த் திரும்பும் மூடிய சுற்று. ஒருமுறை நிரப்பிய தண்ணீரே வருடக்கணக்கில் சுற்ற வேண்டும். அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து சீக்கிரமே தீர்ந்துவிடும், பிறகு அரிப்பும் பெருமளவு அடங்கிவிடும். நீ வாராவாரம் விடும் புதுத் தண்ணீர் புது ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது. ரேடியேட்டர் மெல்லிய ஸ்டீல் தகடு. அது அரித்து மேக்னடைட் என்கிற கறுப்புச் சேறாகி அடியில் படியும், பம்பில் சிக்கும், கடைசியில் பாய்லரில் தீயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையே அடைக்கும். மில்களில் நீராவி பாய்லருக்குப் போகும் தண்ணீரை டீஏரேட்டரில் காய்ச்சி ஆக்சிஜனை விரட்டிய பிறகே உள்ளே விடுவார்கள். காரணம் இதுதான். ஆகவே முதல் கேள்வி, உள்ளே இருந்த தண்ணீர் எங்கே போகிறது என்பது.

முள்ளை இரண்டு வேளை பார். பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 வரை, நன்றாகச் சூடேறியதும் அதைவிட அரை பார் போலக் கூடுதல். இப்படி இருந்தால் சரி. சூடேறும்போது 3ஐ நெருங்கி, ஆறியதும் தரைக்கு வந்துவிட்டால் பழுது எக்ஸ்பான்ஷன் வெசலில். 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 3 லிட்டர் பெருகும். அந்த 3 லிட்டருக்கு இடம் கொடுக்கத்தான் ரப்பர் டயாஃப்ரத்துக்குப் பின்னால் காற்று அடைத்த அந்தச் சிவப்புக் கலம். வருடம் ஆக ஆகக் காற்று குறையும். இடமில்லாத தண்ணீர், 3 பாரில் திறக்கும் சேஃப்டி வால்வைத் தள்ளிக்கொண்டு வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் 15 மில்லிமீட்டர் தாமிரக் குழாய் வழியாகப் போய்விடும். அந்தக் குழாய் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவை. மறுநாள் பையில் தண்ணீர் இருந்தால் உனக்கு விடை கிடைத்துவிட்டது.

வெசலில் கார் டயரில் இருப்பது போன்ற வால்வ் ஒன்று உண்டு. அதன் பின்னை லேசாக அழுத்து. தண்ணீர் வந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, வெசலையே மாற்ற வேண்டும். காற்று வந்தால், அல்லது ஒன்றுமே வராவிட்டால், காற்றடித்துப் பார்க்கலாம். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, தண்ணீரை வடித்து முள்ளை 0க்குக் கொண்டுவா. வடிகுழாய் திறந்தே இருக்கட்டும். தண்ணீர்ப் பக்கம் பிரஷர் இருக்கும்போது அளந்தால் அளவு பொய் சொல்லும். பாய்லரின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு அடி, பெரும்பாலும் 0.75 முதல் 1 பார், டயர் கேஜில் 11 முதல் 15 பிஎஸ்ஐ. பிறகு வடிகுழாயை மூடி 1.2க்கு நிரப்பு. பாய்லரின் மூடியைக் கழற்றினால்தான் அந்த வால்வ் எட்டும் என்றால் நீ தொடாதே. கேஸ் எரியும் அறையை அடைத்திருப்பதே பல பாய்லர்களில் அந்த மூடிதான். இன்னொன்று: பலமுறை திறந்த சேஃப்டி வால்வின் இருக்கையில் தூசி சிக்கிவிடும், வெசலைச் சரிசெய்த பிறகும் அது சொட்டும். வேலைக்கு வருபவரிடம் இரண்டையும் ஒரே வரவில் பார்த்துவிடச் சொல்.

பை காய்ந்தே இருந்து, முள் மட்டும் மெல்ல இறங்கினால், பனி உறையாத ஓர் இரவில் பாய்லரை முழுவதும் அணைத்து ஆறவிடு. பாய்லருக்கு அடியில் உள்ள ஃப்ளோ (சூடான தண்ணீர் வெளியே போகும்), ரிட்டர்ன் (ஆறியது திரும்பி வரும்) வால்வுகளை மூடு, முள்ளைக் குறித்துவை. காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள்ளேயே. அணைந்திருக்கும்போதும் கண்டன்சேட் குழாய் (புகையிலிருந்து குளிர்ந்து சேரும் தண்ணீரை வெளியேற்றுவது) சொட்டினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓட்டையாக இருக்கலாம். உங்களுடையது 15 வருடம் தாண்டிய பாய்லர். அதற்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்குவதைவிடப் புது பாய்லருக்குப் பணம் போடுவதே மேல் என்பது என் எண்ணம்.

முள் அசையாமல் இருந்தால் கசிவு குழாயிலோ ரேடியேட்டரிலோ. சூடாக இருக்கும்போது சின்னக் கசிவு ஆவியாகிக் கண்ணுக்குத் தெரியாது. ஆறிய பிறகு ஒவ்வொரு வால்வையும் டிஷ்யூ காகிதத்தால் சுற்றிப் பார். பித்தளையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அங்கே கசிந்திருக்கிறது. வால்வ் தண்டைச் சுற்றியுள்ள நட்டைக் கால் திருப்பு இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். கசிவை அடைக்கும் திரவத்தை இப்போதே ஊற்றிவிடாதீர்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல். அது கடைசி வழி.

ரேடியேட்டர் மேலே ஜில்லென்று இருந்தால் காற்று, அடிப்பகுதி ஜில்லென்று இருந்தால் சேறு. காற்றை வெளியேற்ற, அணைத்து ஆறவிட்டுக் கீழ்த்தளத்திலிருந்து தொடங்கு. சாவியைக் கால் திருப்பு திருப்பினால் போதும். ஒரே ரேடியேட்டரில் திரும்பத் திரும்பக் காற்று சேர்ந்தால் அது அரிப்பில் பிறக்கும் ஹைட்ரஜனாக இருக்கலாம், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுக்கச் சூடாகாவிட்டால் தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றி உள்ளே உள்ள பின்னை அழுத்திப் பார். தானே மேலெழ வேண்டும். சிக்கியிருந்தால் மெல்ல அழுத்தி அழுத்தி விடு. குறடால் இழுத்தால் பின் வெளியே வந்து அறை முழுக்கத் தண்ணீராகிவிடும்.

கசிவு நின்ற பிறகுதான் சேறு கழுவும் வேலை. முன்பே கழுவினால் வீண். கழுவியதும் அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் திரவத்தை ஊற்ற வேண்டும், சுமார் 100 லிட்டருக்கு 1 லிட்டர் என்பது வழக்கம். ரிட்டர்ன் குழாயில் காந்த ஃபில்டர் ஒன்று போடச் சொல். வருடாந்திர சர்வீஸின்போது அதைக் கழுவினால் போதும்.

கேஸ் பக்கம் கை வைக்க அந்த நாட்டுச் சட்டப்படி கேஸ் சேஃப் என்கிற கேஸ் வேலைக்காரர் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே உரிமை. வருபவரின் அட்டையை வாங்கிப் பார், பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே வாங்கு. தீ மஞ்சளாக எரிந்தாலோ, வீட்டில் இருக்கும்போது மட்டும் எல்லோருக்கும் தலைவலியும் குமட்டலும் வந்தாலோ, பாய்லரை அணை, ஜன்னல்களைத் திற, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கேஸ் அவசர எண் 0800 111 999க்குப் பேசு. வாசனை வரட்டும் என்று காத்திருக்காதே அம்மா, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பையை இன்றைக்கே கட்டிவிடு. ஆறியபோது முள் எங்கே, சூட்டில் எங்கே, பையில் தண்ணீர் உண்டா, மூன்றையும் எழுது. பாய்லர் மாடல் எண் தெரிகிற மாதிரி ஒரு படமும் அனுப்பு.

அன்புடன்,
அப்பச்சி