ஊமைப்பட இரவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டிய கோவையில், ஓர் ஊமைப்படத்துக்கு எழுபது நிமிடம் இசைத்தாள் இல்லாமல் பியானோ வாசித்தார் நம் விருந்தினர். கைதட்டல் முழுக்க அவருக்கே போனது. அதில் பங்குள்ள மற்றவர்களுக்குத்தான் இந்த மடல்.

குன்னூரிலிருந்து பியானோவை இறக்கிவந்த அண்ணன்மாருக்கு முதல் நன்றி. நிற்கும் வகைப் பியானோவில் இரும்புச் சட்டம் பின்பக்கம் இருக்கிறது, அசந்தால் மல்லாந்துவிடும். முன்கால்களைப் பிடித்துத் தூக்கினால் கால் கையோடு வந்துவிடும். அடியில் பலகை கொடுத்து, சாக்கு சுற்றி, குட்டியானையில் கேபினை ஒட்டி முதுகை வைத்துக் கட்டினார்கள். "பின்னால சாயுதுங்ணா, புடிங்க" என்ற குரல் மண்டப வாசற்படி வரை ஓயவில்லை.

அடுத்து, பியானோவுக்குச் சுருதி சேர்த்த ட்யூனர். மலை ஈரத்தில் உப்பியிருந்த, கம்பிகளின் அதிர்வை ஒலியாக்கும் மரப்பலகை மாசிக் காற்றில் காய்ந்து சுருங்க, சுருதி இறங்கிவிட்டது. நடு ஸ்தாயியில்தான் அதிகம். அதை ஒரே மூச்சில் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்கு ஏற்ற முடியாது. இருநூற்றுச் சொச்சம் கம்பிகளை முறுக்க முறுக்கப் பலகைமேல் அழுத்தம் கூடி, முதலில் சேர்த்தவை மறுபடி தளர்ந்துவிடும். அதனால் வந்த அன்று கொஞ்சம் தூக்கலாகவே ஏற்றிவைத்துவிட்டு, ஐந்து நாள் ஆறவிட்டு, காட்சியன்று காலையில் நுணுக்கமாகச் சேர்த்தார். மேல் ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி. இரண்டைக் கம்பளிப் பட்டையால் அடக்கி ஒன்றைச் சேர்ப்பார். பிறகு பட்டையை உருவி மற்றவற்றை அதோடு ஒட்டுவார். ஒட்டும்வரை 'வொய்ங் வொய்ங்' என்று அலை அடிக்கும். அலை நின்றால் சேர்ந்தாயிற்று. காலையிலிருந்தே ஏசியை ஒரே அளவில் ஓடவிட்ட மண்டப மேலாளருக்கும் இதில் பங்குண்டு.

புரொஜெக்டர் தம்பிக்குத் தனி நன்றி. 35 மி.மீ. படச்சுருளில் ஆயிரம் அடி ரீலுக்கு 16,000 பிரேம். நொடிக்கு 18 என்றால் ஏறக்குறைய 15 நிமிடம். 24 என்றால் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நடப்பவர்கள் எல்லாம் ஓடுவார்கள், இசைக்கு மூச்சுவிட இடமிருக்காது. நம்மிடம் இருந்த ஃபைல் 24-இல் ஓடுவது என்பதால், மூன்று பிரேமுக்கு ஒன்றை இரட்டித்து 18 என்ற அசல் வேகத்தை மீட்டார். அதோடு வந்த ரெடிமேட் இசையையும் மறக்காமல் அணைத்தார்.

பியானோக் கலைஞருக்குச் சினிமா ஆர்.ஆர். (பின்னணி இசைப்பதிவு) பழகிய கை. அங்கே காதில் தாளத்துக்கான கிளிக் சத்தம் ஓடும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு 12 பிரேம் (நொடிக்கு 24 கணக்கில்), காட்சி வெட்டு எங்கே விழும் என்பது கணக்கு. இங்கே கிளிக் கிடையாது. படத்தை மூன்று முறை பார்த்து அவர் குறித்துக்கொண்டது, எங்கெல்லாம் வாசிக்கக் கூடாது என்பதை மட்டுமே. வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டை திரையில் வரும்போது இசையையும் முடித்துவிடத் தோன்றும். அப்படி முடித்தால் படிப்பவரின் கவனம் அங்கே அறுந்துபோகும். அவரோ ஒற்றைச் சுரத்தை அப்படியே தொங்கவிட்டார்.

கரன்ட் போனபோது புரொஜெக்டரை யூபிஎஸ் தாங்கியது. பியானோமேல் இருந்த விளக்கு மட்டும் அணைந்தது. ஜெனரேட்டர் வரும்வரை இருட்டிலேயே வாசித்தார். எலக்ட்ரீஷியன் அண்ணா, அடுத்த முறை விளக்கையும் யூபிஎஸ்ஸில் போட்டுவிடுங்க.

ட்யூனரின் கம்பளிப் பட்டை ஒன்று எங்களிடம் தங்கிவிட்டது. பியானோ மலையேறும் வண்டியில் கொடுத்தனுப்புகிறோம்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர், கோவை