ரைசர் கிட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: பிரேக் ஹோஸ் நீளத்தைப் பெட்டியில் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களே,

மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரை 20, 30, 50 மில்லிமீட்டர் உயர்த்தித் தரும் ரைசர்களை நீங்கள் செய்து விற்கிறீர்கள். குனிந்து ஓட்டினால் மணிக்கட்டும் முதுகும் வலிப்பவர்களுக்கு அது நிஜமாகவே உதவும் பொருள். உங்கள் கடைசல் வேலையும் பெரும்பாலும் சுத்தம். அதிலெல்லாம் எங்களுக்குப் புகார் இல்லை.

இந்த மடலை எழுத வைத்தது அண்மையில் பட்டறைக்கு வந்த ஒரு பெட்டி. 50 மி.மீ. கிட். உள்ளே இரண்டு அலுமினியத் துண்டுகள், நான்கு போல்ட், ஒரு ஸ்டிக்கர். மேலே கொட்டை எழுத்தில், 'அப்படியே மாட்டலாம், வேறு மாற்றம் தேவையில்லை.' எந்த வண்டிக்கு என்று தேடினால், 22 மி.மீ. பார் உள்ள எல்லா வண்டிக்குமாம். உலகத்தில் 22 மி.மீ. பார் வைத்த வண்டிகள் அத்தனைக்கும் கம்பெனிக்காரன் ஒரே நீளத்தில் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாய், போட்டிருக்கிறான் என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இந்த ரைசரைப் போட்டால் இந்த மாடலில் முன் பிரேக் ஹோஸ் போதுமா, போதாதா, போதாவிட்டால் எத்தனை மி.மீ. கூடுதலாக வேண்டும் என்பதைப் பெட்டியிலேயே அச்சிடுங்கள்.

இதில் என்ன சிக்கல் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் பெட்டியில் இல்லாததை இங்கேயாவது எழுதி வைக்கிறோம். வண்டி ஸ்டாண்டில் நிற்க, பார் நேராக இருக்க, ரைசரை மாட்டிப் பார்த்தால் ஹோஸ் தாராளமாகத்தான் தெரியும். வாங்கியவர் திருப்தியாகிவிடுவார். பாரை ஒரு கோடிக்குத் திருப்பும்போதுதான் குட்டு வெளிப்படும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் வலது கைப்பிடியில் பிரேக் லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் ஹோஸ் ஸ்டீயரிங் கழுத்தைத் தாண்டி, டேங்க் அடியில் இருக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்குப் போகிறது. பாரை இடக்கோடிக்குத் திருப்பினால் வலது கைப்பிடி முன்னால் போகும். கழுத்துக்குப் பின்னால் போகும் ஹோஸ் அப்போதுதான் அதிகமாக இழுபடும். பழைய உயரத்தில் கம்பெனி விட்டிருந்த தளர்வை உங்கள் 50 மி.மீ. ஏற்கெனவே தின்றுவிட்டிருக்கும். கடைசியில் ஸ்டாப்பரில் போய் முட்ட வேண்டிய பாரை ஹோஸ் பிடித்து நிறுத்துகிறது. மெதுவாக வளைத்துத் திரும்பும் இடத்தில் பார் பாதியில் நின்றால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பது ஓட்டுபவருக்குத் தெரியும்.

ஏ.பி.எஸ். இல்லாத வண்டியில் தொல்லை வேறு வடிவத்தில் வரும். அங்கே ஹோஸ் நேரே முன்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் காலிப்பருக்கு இறங்குகிறது. வழியில் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் டிரிபிள் கிளாம்பில் ஒரு கிளிப் அதைப் பிடித்திருக்கும். மேலே இறுக்கமாக இருக்கிறதே என்று அந்தக் கிளிப்பைத் தளர்த்தி, கீழிருந்து கொஞ்சம் மேலே ஏற்றிவிடுகிறார்கள். வேட்டியை அவிழ்த்துத் தலைப்பாகை கட்டின கதைதான். முன்சக்கரம் தரையில் இருக்கும்வரை வண்டியின் எடையில் ஃபோர்க் அமுங்கியிருப்பதால் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறிக் குதித்துச் சக்கரம் தொங்கும்போது ஃபோர்க் முழுவதும் நீளும். கிளிப்புக்கும் காலிப்பருக்கும் நடுவில் உள்ள ஹோஸ் அப்போது விறைத்துவிடும்.

இழுபடும் ஹோஸ் அன்றைக்கே அறுந்துவிடாது. அறுந்தாலாவது கண்ணில் படும். இழுப்பு முழுவதும் ஹோஸை பான்ஜோவோடு, அதாவது போல்ட் நுழையும் கண் உள்ள முனை இணைப்போடு, அழுத்திப் பிடித்திருக்கும் கழுத்தில் விழுகிறது. ரப்பர் அங்கே வெடிக்கத் தொடங்கும். அல்லது பான்ஜோ போல்ட்டைச் சுற்றி இம்மி அளவு நகர்ந்து, வாஷர் பிடிப்பு விட்டு, பிரேக் ஆயில் கசியும். தினமும் நூறு முறை திரும்பும் பார், நூறு முறை அதே இடத்தைப் பிடித்து இழுக்கிறது.

'வேறு மாற்றம் தேவையில்லை' என்ற வரியை நம்பியவர் இந்த நிலைக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய மாற்றங்களைப் பாருங்கள். முதலில் ஹோஸை வழி மாற்றிப் பார்க்கலாம். கழுத்தருகே உள்ள கைடிலிருந்து கழற்றி நேர்வழியில் விட்டால், 20, 30 மி.மீ. ரைசருக்குப் பல வண்டிகளில் அதுவே போதும். ஆனால் புதிய வழியில் ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது, மடங்கக் கூடாது, ஹெட்லைட் பிராக்கெட்டின் விளிம்பில் உரசக் கூடாது, பார் திரும்பும்போது ஃபோர்க்குக்கும் டேங்குக்கும் நடுவில் நசுங்கவும் கூடாது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் என்றால் மேலே உறை வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து ஒயரை அரம் போல ராவிவிடும்.

வழி மாற்றியும் எட்டவில்லை என்றால் நீளமான ஹோஸ்தான். அடாப்டர் போட்டு ஒட்டு சேர்ப்பவர்கள் உண்டு. ஒட்டு கூடக் கூடக் கசியும் இடமும் கூடும் என்பதால் எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே துண்டாக, எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106 என்ற அமெரிக்க பிரேக் ஹோஸ் தரத்துக்கு உட்பட்ட ஹோஸாக வாங்க வேண்டும். அளவு என்பது ஒரு பான்ஜோ கண்ணின் மையத்திலிருந்து மறு கண்ணின் மையம் வரை. பான்ஜோவின் கோணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரைசர் 50 மி.மீ. என்பதால் ஹோஸும் 50 மி.மீ. கூட்டினால் போதும் என்பது குத்துமதிப்பு. போகும் வழியைப் பொறுத்து அது குறையும், கூடும். அளந்து பார்த்தால்தான் தெரியும். அளந்து பார்க்க வேண்டியது நீங்கள்.

பிறகு போல்ட். பான்ஜோ போல்ட்டில் எம்10 x 1.0, எம்10 x 1.25 என்று மரை இடைவெளி மாறுபடும் இரண்டும் சாதாரணமாகப் புழங்குகின்றன. தவறான போல்ட்டும் முதல் சுற்று ஏறும், அப்புறம் இறுகும். 'சரியாகப் பிடிக்கிறது' என்று ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரின் அலுமினிய மரை போய்விடும். ஒரு பான்ஜோவுக்கு இரண்டு வாஷர், ஒரே போல்ட்டில் இரண்டு ஹோஸ் என்றால் மூன்று. கழற்றும்போதெல்லாம் புதிது போட வேண்டும். ஹோஸுக்குள் புகுந்த காற்றை எடுக்கும்போது காலிப்பர் நிப்பிளில் எவ்வளவு நேரம் போராடினாலும் லீவர் பஞ்சு போலவே இருந்தால், காற்று மேலே மாஸ்டர் சிலிண்டர் பான்ஜோவில் தங்கியிருக்கும். சுற்றித் துணி வைத்து, லீவரை அழுத்திப் பிடித்தபடி அந்தப் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, லீவரை விடுவதற்கு முன்பே இறுக்க வேண்டும். டாட் 4 ஆயில் பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஏ.பி.எஸ். மாடுலேட்டருக்குள் காற்று புகுந்துவிட்டால் சில மாடல்களில் ஸ்கேனர் போட்டு அதன் பம்பை ஓட்டினால்தான் வெளியேறும். இது எதுவும் வாங்கியவர் வீட்டு வாசலில் வைத்துச் செய்யும் வேலை இல்லை.

நீங்கள் தரும் போல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நான்கின் தலையிலும் 8.8 என்றோ 10.9 என்றோ எந்தத் தரக்குறியும் இல்லை. எம்8 போல்ட் அலுமினியத்துக்குள் குறைந்தது 12 மி.மீ. இறங்கிப் பிடிக்க வேண்டும். நீளம் குறைந்தால் மரை உரியும். கூடினால் போல்ட் குழியின் அடியில் முட்டி நின்றுவிடும், கைக்கு இறுகியது போலத் தோன்றும், ஆனால் கிளாம்ப் பாரைப் பிடித்திருக்காது. எம்8 கிளாம்ப் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டருக்குள் போதும். இந்த ஒரு எண்கூட உங்கள் பெட்டியில் இல்லை.

கேபிளும் உண்டு. ஐட்லிங்கில் வைத்துப் பாரை இரு பக்கமும் திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். அந்த வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது.

சிவப்பு, நீலம், பொன்னிறம், கறுப்பு என்று அனோடைஸ் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறது. லோகோவை லேசரில் செதுக்க இயந்திரம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம் என்று வீடியோ போட ஆள் இருக்கிறது. அந்த வீடியோவில் யாராவது பாரைக் கோடிவரை திருப்பிக் காட்டினால் எங்களுக்கும் அனுப்புங்கள். ஜெர்மனியில் இத்தகைய பாகங்களுக்கு ஏ.பி.ஈ. போன்ற சான்று கேட்கிறார்கள். எந்த மாடலுக்குப் பொருந்தும், என்ன நிபந்தனை என்று அதில் இருக்கும். ஆக, எழுதச் சொன்னால் எழுத முடிகிறது. கேட்காத இடத்தில் ஸ்டிக்கர் தருகிறீர்கள்.

மன்னிக்கவும், பேச்சு தடித்துவிட்டது. கேட்க வந்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு மாடலுக்கும் கூடுதல் ஹோஸ் எத்தனை மி.மீ., எந்தக் கைடிலிருந்து கழற்றி எந்த வழியில் விட வேண்டும், போல்ட் தரம் என்ன, எவ்வளவு இறுக்க வேண்டும். சோதிக்காத மாடலுக்கு 'சோதிக்கவில்லை' என்றே போடுங்கள், அதுவும் பயன்படும்.

அளவு எடுக்க வண்டி இல்லை என்பது தடையானால் அந்த வேலையை நாங்கள் செய்து தருகிறோம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுவதும் தொங்கும்போதும் சக்கரம் தரையில் இருக்கும்போதும், பார் நேராக, இடக்கோடியில், வலக்கோடியில் என மாடலுக்கு ஆறு அளவுகள். எந்த மாடல்கள் முதலில் வேண்டும் என்று பட்டியலை மட்டும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ரைசர்களைப் பட்டறையில் மாட்டித் தரும் மெக்கானிக்குகள் சிலர்