எந்தப் பெட்ரோல் என்று கேட்டாயே

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். தவழ்கிற வயதில் பார்த்த பிள்ளை, இப்போது எதிரில் வந்து நின்றால் எனக்கு அடையாளம் தெரியாது. இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் விடாமல் கூடவே வருகிறது. வண்டிக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு அது வராமல் வேறு யாருக்கு வரும்? ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்தாயிற்று. ஆனாலும் அக்கம்பக்கத்தில் எந்த வண்டி கொஞ்சம் இருமினாலும் என் வீட்டு மணிதான் அடிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டி வாங்கியிருக்கிறேன், சிரிக்காதே என்று எழுதியிருக்கிறாய். சிரிக்க என்ன இருக்கிறது? ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட பழைய வண்டி, கண்டுகொள்ளாமல் விட்ட புது வண்டியைவிட எவ்வளவோ மேல். விலை கூடின பெட்ரோல் போட்டால் இன்ஜினுக்கு நல்லது என்று உன் மைத்துனர் சொல்கிறாராமே. அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதே. பெட்ரோல் மூடியின் கதவைத் திறந்து உட்பக்கம் பார். பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் மேனுவலில் இருக்கும். அதில் போட்டிருக்கிற ஆக்டேன் எண்தான் உன் வண்டிக்கான பெட்ரோல். அதற்குக் கீழே போகாதே, மேலே போகவும் தேவையில்லை.

ஏன் என்று கேட்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு. ஆக்டேன் என்றால் பெட்ரோலின் வீரியம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பெட்ரோலின் பொறுமையைக் குறிக்கிற எண். சிலிண்டருக்குள் வந்த காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டன் மேலே ஏறி நசுக்குகிறது. நசுக்க நசுக்கச் சூடேறும். ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறவரை அந்தக் கலவை சும்மா இருக்க வேண்டும். பொறி விட்ட பிறகும், தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவி வந்து சேருகிறவரை மிச்சக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளக் கூடாது. பற்றிக்கொண்டால் அந்த அழுத்தம் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் போய் மோதும். அதுதான் நாக்கிங். மேட்டில் ஏறும்போது கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பார், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வந்தால் அது இதுதான். கடுமையான நாக்கிங்கோடு தொடர்ந்து ஓட்டினதில் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழுந்த இன்ஜின்கள் உண்டு.

ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து இந்த அளவுகோலை அமைத்தார்கள். 95 ஆக்டேன் என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் என்று பொருள். அவ்வளவுதான். லிட்டருக்குக் கிடைக்கிற சக்தி அதனால் கூடுவதில்லை. கம்ப்ரெஷன் அதிகமுள்ள இன்ஜின், காற்றைக் கூடுதலாகத் திணிக்கிற டர்போ வைத்த இன்ஜின் இவற்றில் கலவை அதிகமாக நசுங்குவதால் அவற்றுக்குப் பொறுமையான பெட்ரோல் வேண்டும். உன்னுடையது டர்போ இல்லாத சாதாரண இன்ஜின் என்று எழுதியிருக்கிறாய். மேனுவலில் 91 என்று இருந்தால் 98 ஊற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. மாறாக 95 கேட்கிற வண்டிக்கு 91 ஊற்றினால் இந்தக் காலத்து வண்டி உடனே கெட்டுப்போகாது. நாக் சென்சார் அந்த அதிர்வை உணர்ந்து பொறி விடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இன்ஜின் பிழைத்துக்கொள்ளும், பிக்கப்பும் மைலேஜும் போகும். குறைந்த விலைப் பெட்ரோலில் மிச்சம் பிடித்ததாக நினைத்தது இப்படியே கரைந்துவிடும்.

எண்ணைப் படிக்கும்போது ஒரு சங்கதி. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் ஆர்.ஓ.என். என்ற அளவுகோல். அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு சோதனைகளின் சராசரியைப் போடுகிறார்கள். அதனால் ஒரே பெட்ரோல் ஒரு நாட்டில் 95, அங்கே கிட்டத்தட்ட 91. உன் வண்டி வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை, அப்படியானால் ஸ்டிக்கரில் எந்த அளவுகோல் என்று பார்த்துக்கொள்.

விலை கூடின பெட்ரோலில், பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கிற ரசாயனம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிற இன்ஜின்களில், காற்று உள்ளே வருகிற இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே படிகிற கரியை எந்தப் பெட்ரோலாலும் கழுவ முடியாது.

இந்த நாக்கிங்கை அடக்குவதற்காகத்தான் ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க இன்ஜினியர் அந்த வழியைக் கண்டுபிடித்தார். நாக்கிங் அடங்கியது. புகையோடு ஈயம் வெளியே வந்து ஊர் உலகத்துப் பிள்ளைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. கடைசி நாடாக அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-இல். நூறு வருஷம்! நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

எத்தனால் பற்றியும் கேட்டிருந்தாய். பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்திருந்தால் ஈ10, 20 என்றால் ஈ20. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே ஈ10-இல் மைலேஜ் 3 சதவீதம் அளவுக்குக் குறையும், ஈ20-இல் அதைப்போல இரு மடங்கு. அதைப் பார்த்துவிட்டு இன்ஜினில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கிடம் ஓடாதே. கவனிக்க வேண்டியது ரப்பர் ஹோஸும் சீலும். ஈ20-க்காகச் செய்யப்படாத வண்டிகளில் அவை சீக்கிரம் கெட வாய்ப்பு உண்டு. உன் வண்டி எதுவரை தாங்கும் என்பதும் அதே ஸ்டிக்கரில் அல்லது மேனுவலில் இருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் அந்தப் பெட்ரோலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதே.

டீசல் வண்டி வைத்திருக்கிற உன் தம்பிக்கு இதைச் சொல். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒருவர் வந்தார். டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். பங்கிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்ச தூரம்தானே என்று ஸ்டார்ட் செய்து ஓட்டியே கொண்டுவந்துவிட்டார். ஃபில்டரைக் கழற்றி அதிலிருந்ததை வெள்ளைத் துணியில் ஊற்றினேன். துணியில் மினுமினுவென்று இரும்புத் தூள். டீசலை அழுத்தி அனுப்புகிற ஹைபிரஷர் பம்புக்கு மசகெண்ணெயும் அந்த டீசல்தான். பெட்ரோல் அதைக் கழுவிவிடும், உலோகமும் உலோகமும் உரசும். பம்பு, இன்ஜெக்டர், குழாய் எல்லாம் மாற்ற வேண்டி வந்தது. சாவியைத் தொடாமல் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டியிருந்தால் டேங்கைக் காலி செய்கிற செலவோடு போயிருக்கும். டீசல் குழாயின் மூக்கு பெரிதென்பதால் பெட்ரோல் டேங்கில் அது பெரும்பாலும் நுழையாது. பெட்ரோல் குழாயோ டீசல் டேங்கில் தாராளமாக நுழையும். அதனால்தான் இந்தப் பக்கத் தவறு அதிகம்.

பங்கில் ஒரு பழக்கத்தை விட்டுவிடு. குழாய் 'டக்' என்று நின்ற பிறகு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திணிக்காதே. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கிற கரிப்பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் பெட்ரோலே போய் நனைத்தால் அது வீண். டேங்கை வறளவிட்டு ஓட்டுவதும் வேண்டாம். உள்ளே இருக்கிற பம்பைக் குளிர வைப்பது அந்தப் பெட்ரோல்தான்.

இனி, பெட்ரோலில் மிச்சமாகிற பணத்தை எங்கே போடுவது? என்னைக் கேட்டால் முதலில் இன்ஜின் ஆயில். அடுத்து பிரேக் ஆயில், அதை யாருமே நினைப்பதில்லை.

வண்டி கைக்கு வந்ததும், பழைய ஓனர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடு. 5டபிள்யூ-30 என்பது போல ஒரு எண் மேனுவலில் இருக்கும். முதல் எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு, பின்னால் வருவது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. வண்டிக்கு வயதாகிவிட்டது, கெட்டி ஆயிலாக ஊற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. எண் மட்டும் பொருந்தினால் போதாது, மேனுவல் கேட்கிற தரக் குறியீடும் டப்பாவில் இருக்க வேண்டும். மாற்றுகிற கெடுவைக் கிலோமீட்டரிலும் மாதத்திலும் போட்டிருப்பார்கள், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. நீயோ தினமும் ஆபீஸுக்கும் வீட்டுக்கும் என்று குட்டிப் பயணமாக ஓட்டுகிறவன். இன்ஜின் முழுக்கச் சூடாவதற்குள் அணைத்துவிடுவாய். ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். உனக்குக் கெடுவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றுவது நல்லது.

மாதம் இரண்டு முறையாவது, ஆயில் அளவு காட்டுகிற குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிஷம் விடு. மேலே ஒட்டியிருக்கிற ஆயில் வடியட்டும். குச்சியை உருவித் துடைத்து, திரும்பக் கடைசிவரை செருகி எடு. இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தால் போதும். மேல்கோட்டுக்கு மேலே போவதும் கெடுதல்தான். கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படாதே, அழுக்கைத் தன்னிடம் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும், இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று காட்டிவிடு. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த திருப்பம்வரைக்கும்கூட ஓட்டாதே. பத்திரமான ஓரமாகப் பார்த்து நிறுத்தி இன்ஜினை அணை.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அது 155 வரைக்கும் இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது. பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தை அடக்கு, பிரேக்குக்கு ஓய்வு கொடு.

கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதே, உப்பு படியும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதே. டயர்க் காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்குகிற உச்ச அளவு, அதை நிரப்பிவிடாதே. காலையில், ஓட்டுவதற்கு முன் பார். அதே பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. உன் வண்டிக்குப் போட்ட டயர்களைப் படித்துப் பார், வண்டியோடு வந்தவையா, இடையில் மாற்றினவையா என்று தெரிந்துவிடும்.

இன்ஜின் விளக்கு மஞ்சளாகச் சும்மா எரிந்தால் அந்த வாரத்துக்குள் காட்டு. கண் சிமிட்டினால் வேகத்தைக் குறைத்து, முடிந்த சீக்கிரம் நிறுத்து. எரியாத பெட்ரோல் புகைக் குழாய் வழியாகப் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வேகவைத்துக்கொண்டிருக்கும்.

உனக்குப் பிடிக்கும் என்று ஒன்று. காரில் முதல் நெடும்பயணம் போனவர், காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்த தாய்வீட்டுக்குப் போனார். அப்போது பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பட்டை அடித்து வாங்கினார். முதல் பயணத்திலேயே எரிபொருள், அடைப்பு, பிரேக் மூன்றும் வந்துவிட்டன பார்!

இன்னொன்று முக்கியம். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது உன் இன்ஜினில் டைமிங் பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள். பெல்ட் என்றால் எப்போது மாற்றினது என்று பழைய ஓனரிடம் பில்லோடு கேள். மாற்றிவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும், பிறகு வருகிற செலவு வண்டியின் விலையைத் தொடும். பில் இல்லாவிட்டால் மாற்றாததாகவே எண்ணி மாற்றிவிடு. வண்டியின் மாடலையும் கிலோமீட்டரையும் அடுத்த கடிதத்தில் எழுது, வேறென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்பு.

அன்புடன்,
பாஸ்கர்

பி.கு.: பங்கில் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தினமும் வண்டியைத் திருப்புவதாக எழுதியிருந்தாய். டேஷ்போர்டில் பெட்ரோல் படத்துக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு அம்புக்குறி இருக்கிறதா பார். இருந்தால் அது காட்டுகிற பக்கம்தான் மூடி.