தூர்வாருமுன் அந்தச் சேற்றைப் படியுங்கள்

நீர்ப்பாசன வடிகால் துறையினருக்கு வணக்கம்.

எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு)ப் பின்னால் ஒரு குருட்டு ஆறு இருக்கிறது. கோலாலம்பூர் வழியாக ஓடும் கிள்ளான் ஆறு ஒரு காலத்தில் வளைந்து ஓடிய இடம். ஆறு விலகிப் போய்விட, வளைவு மட்டும் குதிரை லாடம் மாதிரி தேங்கி நிற்கிறது. அதன் கரையில்தான் அம்மா கங்கோங் கீரை போடுவார். போன ஆண்டு ஒரு குத்தகையாளர் அதன் ஒரு முனையைத் தூர்வாரி, சேற்றைப் பாத்திக்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டுப் போனார். கன்னங்கரேலென்ற சேறு, அழுகிய முட்டை நாற்றம். இரண்டு வாரத்தில் காய்ந்து வெடித்தது, வெடிப்பெல்லாம் துருநிறம். "நல்ல வண்டல்டா" என்று அம்மா கூடையோடு கிளம்பினார். நான்தான் தடுத்தேன்.

அந்த நாற்றம் கந்தகம் கலந்த வாயுவின் நாற்றம். காற்றுப் புகாத சேற்றில் காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும். வெளியே அள்ளிப் போட்டால் காற்றுப் பட்டு அந்தப் பிணைப்பு அவிழும், அமிலமும் ஊறும். அப்புறம் ஒரு மழை போதும், எல்லாம் கீரை வேருக்கு வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு இந்த வளைவுக்குள் நுழைந்து, வேகம் குறைந்து, மெல்லிய களிமண்ணை இறக்கிவிட்டுப் போகும். உலோகங்கள் ஒட்டிக்கொள்வது அந்தக் களிமண்ணில்தான். 1857-ல் வெள்ளீயம் தோண்ட வந்தவர்களால் உருவான ஊர் கோலாலம்பூர். வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் என்ற நஞ்சும் சேர்ந்தே வருவதுண்டு. சுரங்கக் கழிவு, 1926 பெருவெள்ளம், காரீயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலம் எல்லாம் இப்படிப்பட்ட வளைவுகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கலாம். சேற்றிலுள்ள காரீயம்-210 என்ற கதிரியக்கக் காரீயம் சுமார் 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். அதை வைத்து நூறு ஆண்டுக்கும் மேலாகப் பின்னோக்கி எந்த அடுக்கு எப்போது படிந்தது என்று கணக்கிடலாம். எக்ஸ்கவேட்டர் ஒரு முறை புரட்டினால் அந்த வரிசை போச்சு.

அதனால் கேட்கிறேன்: இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி, சேற்றைக் குலையாமல் எடுங்கள். சென்டிமீட்டர் சென்டிமீட்டராக அறுத்துச் சோதியுங்கள். அடியில், சுரங்கத்துக்கு முந்தைய அடுக்கு கிடைத்தால் அது தங்கம். நம் பள்ளத்தாக்கின் கருங்கல் மண்ணில் இயற்கையாகவே எவ்வளவு உலோகம் உண்டு என்று அதுதான் சொல்லும். வேறு நாட்டு மண்ணின் அளவை வைத்து நம் சேற்றை எடைபோடக் கூடாது. முடிவு வரும்வரை அள்ளிய சேற்றைக் கரையில் கொட்ட வேண்டாம். முடிவை மலாயிலும் தமிழிலும் கரையிலேயே எழுதி வையுங்கள். அங்கே கீரை போடுகிறவர்கள் படிக்கட்டும்.

எங்கள் வளைவின் மறுமுனையை இன்னும் யாரும் தொடவில்லை. பழைய குவியலை நான் கேன்வாஸ் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் வந்து எடுத்துப் போனால் நல்லது.