சிவப்புப் படிக்கட்டுக்கு முன்னால் நிற்கும் ஆள்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது. அங்கிருந்து யாராவது வந்தால் இரண்டு பாட்டிலாகக் கொடுத்தனுப்பச் சொல்கிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, கடைசியில் சிக்னல் சரியில்லை என்று யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். இதை மட்டும் நான் முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

தீபாவளிக்கு முன்னால் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில், அந்தச் சிவப்புப் படிக்கட்டுப் பக்கம் பேரனோடு எடுத்த படம் அனுப்பியிருந்தாய் அல்லவா, அதில் உனக்குப் பின்னால் கைத்தடியோடு ஒரு வெண்கல ஆள் நிற்கிறார். அம்மா பேரனைப் பார்த்தாள், நான் அந்த ஆளைப் பார்த்தேன். அத்தனை விளம்பர வெளிச்சத்துக்கு நடுவே சிலை வைத்திருக்கிறார்களே, யாரப்பா இது என்று எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டேன். ஜார்ஜ் எம். கோஹன் என்று தேடிச் சொன்னான். பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, ஆடி, நடித்து, சொந்தமாக நாடகக் கம்பெனியும் நடத்தியவராம். அப்புறம் விடுவேனா? ஒரு மாதமாக அவர் கதையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நானும் பாட்டுக் கச்சேரி ட்ரூப் நடத்தியவன்தானே.

1878-ல் பிராவிடன்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஞானஸ்நானச் சீட்டில் ஜூலை 3 என்று இருக்கிறது. வீட்டிலோ ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தில் பிறந்த பிள்ளை என்றே சொல்லி வளர்த்தார்கள். இதில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதுதான்.

அப்பா, அம்மா, அக்கா ஜோசி, இவர் என்று குடும்பமே மேடைக் குடும்பம். ‘நான்கு கோஹன்கள்’ என்று ஊர் ஊராகப் போனார்கள். பாட்டு, ஆட்டம், நகைச்சுவைத் துணுக்கு எல்லாம் கலந்த கதம்ப நிகழ்ச்சி, வாடவில் என்று அங்கே பெயர். பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். நிகழ்ச்சி முடிந்ததும் இவர் முன்னால் வந்து, ‘என் அம்மா உங்களுக்கு நன்றி சொல்கிறார், என் அப்பா நன்றி சொல்கிறார், என் அக்கா நன்றி சொல்கிறார், நானும் நன்றி சொல்கிறேன்’ என்று வணங்குவாராம். அதை வாய்விட்டுப் படித்தபோது அம்மா அடுப்படியிலிருந்து, ‘நம்ம வீட்டில் ஒருத்தருக்காவது அந்தப் பழக்கம் உண்டா?’ என்றாள்.

1904-ல் ‘லிட்டில் ஜானி ஜோன்ஸ்’ போட்டார். இங்கிலாந்துக்குப் பந்தயம் ஓட்டப் போன அமெரிக்கக் குதிரைக்காரன் மேல், காசு வாங்கிக்கொண்டு தோற்றான் என்று பழி விழுகிறது. ஊர்க்காரர்கள் எல்லாம் கப்பலேறிவிட்டார்கள். இவன் மட்டும் துறைமுகத்தில் நிற்கிறான். குற்றமற்றவன் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் கப்பலிலிருந்து ஒரு வாணம் விடுவதாகப் பேச்சு. நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள், அங்கே 42-வது தெரு நண்பர்களிடம் சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள் என்று பாடி அனுப்பிவிட்டு, இருட்டில் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெகுதூரத்தில் வாணம் எழும்புகிறது. உடனே ஆட்டம். மெட்டு வேகமெடுக்கிறது. மேடை தெரிந்தவன் எழுதிய காட்சி அது. உன்னை ஏற்றிவிட்டு மீனம்பாக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான், எனக்கு அது விளங்காதா? ஆனால் பார், நியூயார்க்கில் முதல் தடவை 52 காட்சிதான் ஓடியது. வெளியூர்களுக்குக் கொண்டுபோய்த் திருத்தி, மறுபடி கொண்டுவந்துதான் நிலைநிறுத்தினார்.

ரேடியோ வருவதற்கு முன்னால் பாட்டு பரவியது அச்சுத் தாளில்தான். நம் ஊர்க் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றது மாதிரி, அங்கே சுரத்தோடு அச்சடித்து விற்றார்கள், வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். 1906-ல் தேசியக் கொடியைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். முதலில் அதைச் செல்லமாகக் ‘கந்தல்’ என்று பாடப்போய் எதிர்ப்பு வந்தது. அந்த வார்த்தையை எடுத்துவிட்டுக் ‘கொடி’ என்று மாற்றினார். தாள் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும் எழுதிய ‘ஓவர் தேர்’ இன்னும் பெரிய வெற்றி. இந்த இரண்டு பாட்டுக்கும் நாடாளுமன்றமே தங்கப் பதக்கம் கொடுத்தது.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். சாம் ஹாரிஸ் என்பவரோடு 1904-லிருந்து கூட்டு. இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியதால் சகலைகளும்கூட. கணக்கு வழக்கை அவர் பார்க்க, மேடையை இவர் பார்க்க, 16 வருஷத்தில் 50 நாடகங்களுக்கு மேல் போட்டார்கள். 1911-ல் டைம்ஸ் ஸ்கொயரிலேயே இவர் பெயரில் கொட்டகை திறந்தது.

1919 ஆகஸ்டில் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அவர்கள் கேட்டதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாரக்கணக்கில் ஒத்திகை, அதற்குக் காசு இல்லை. கூடுதல் காட்சிக்குக் கூடுதல் சம்பளம் இல்லை. நடிகைகள் பலர் உடுப்பைக்கூடச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். வெளியூரில் நாடகம் படுத்துவிட்டால் ஊர் திரும்பும் செலவு அவரவர் தலையில். ஒரு மாதத்தில் 8 நகரங்களில் 37 நாடகங்கள் நின்றன. மேடைத் தொழிலாளர்களும் வாத்தியக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கோஹன் முதலாளிகள் பக்கம் நின்றார். இத்தனைக்கும் கஞ்சன் இல்லை, நொடித்துப்போன நடிகர்களுக்கு அள்ளிக் கொடுத்தவர். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. குடும்பம் மாதிரி வைத்திருந்தவர்கள் ஒப்பந்தக் காகிதத்தை நீட்டுகிறார்களே என்று. போட்டிச் சங்கம் ஒன்றுக்குத் தலைவரானார். சங்கம் ஜெயித்தால் நாடகத்தை விட்டுவிட்டு லிஃப்ட் ஓட்டப் போகிறேன் என்று சொன்னாராம். லிஃப்ட் ஓட்டவும் சங்கத்தில் சேர வேண்டுமே, யாராவது அவரிடம் சொல்லுங்கள் என்று நடிகர்கள் பக்கமிருந்து பதில் வந்ததாக ஒரு கதை உண்டு. செப்டம்பர் 6-ந் தேதி சங்கம் ஜெயித்தது. அடுத்த வருஷம் ஹாரிஸோடு கூட்டு முறிந்தது. அதற்கப்புறமும் எழுதினார், நடித்தார். 1937-ல் அதே ஹாரிஸ் போட்ட நாடகத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வேஷம்கூடக் கட்டினார். ஆனால் 1942-ல் கண்ணை மூடும்வரை அந்தச் சங்கத்தில் சேரவே இல்லை.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

1997 பங்குனி. நீ பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாய். ட்ரூப் கணக்கு நோட்டை எழுதியது நீதான். டோலக் முருகேசன் கூடத்தில் உட்கார்ந்து, ‘அண்ணே, கச்சேரிக்குப் பேட்டா கொடுக்கறீங்க, ரிகர்சலுக்கும் ஏதாவது பார்த்துப் போடுங்க’ என்று கேட்டான். தலை குனிந்துதான் கேட்டான். என் சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவன் என்னிடமே கூலி கேட்கிறானா என்று நான் குதித்தேன். நீ நோட்டை மூடிவிட்டு, ‘அவர் கேட்பது சரிதானே அப்பா, பாதியாவது கொடுக்கலாம்’ என்றாய். எல்லார் முன்னாலும். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. முருகேசன் போனான், பின்னாலேயே கீபோர்டும் பேஸ் கிட்டாரும் போனார்கள். அந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு வாங்கிய அட்வான்ஸை நானே திருப்பிக் கொடுத்தேன். ட்ரூப் கலைந்ததற்கு நீதான் காரணம் என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்!

போன வாரம் பரணிலிருந்து அந்த நோட்டை இறக்கினேன். கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருக்கிறது. உன் கையெழுத்து பளிச்சென்று இருக்கிறது. ‘டோலக் 150. டெம்போ 600. டீ, வடை 85.’ நடுநடுவே ‘ரிகர்சல்’ என்று தேதி போட்டு, எதிரே ஒரு கோடு மட்டும். அந்தக் கோடுகளை எண்ணினேன். முருகேசன் வந்த நாட்கள் 61.

அவன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நேரில் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனான். முன்முடி எல்லாம் நரைத்துவிட்டது, இன்னமும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறான். மொய்க் கவர் தனி. அதோடு இன்னொரு கவரும் கொடுப்பதாக இருக்கிறேன். பாதிப் பேட்டா என்றுதானே அன்றைக்கு நீ சொன்னாய்? 61 நாளைக்கு எவ்வளவு வருகிறது, இத்தனை வருஷத்துக்கு வட்டி சேர்ப்பதா வேண்டாமா என்று நீயே கணக்குப் போட்டு எழுது. தைக்குள் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா